அத்தியாயம் 6: மைக்கும் போனும்

பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான கபடியில் ஒரு ரைடர் போனஸுக்கு ஆசைப்பட்டுக் காலை நீட்டி மாட்டிக்கொண்டால், முன்பெல்லாம் அதைப் பார்த்தவர்கள் திண்ணையிலும் கேலரியிலும் உட்கார்ந்திருந்த சில நூறு பேர்தான். பஸ் ஏறும்போது கிண்டல் செய்வார்கள், மறுவாரம் மறந்துவிடுவார்கள். இப்போது ஊர்த் திருவிழாக் கபடிக்கே யூடியூபில் நேரலை ஓடுகிறது. அந்தப் பத்து விநாடியை யாரோ வெட்டி, வடிவேலு வசனத்தை ஒட்டி, அன்றிரவே ரீலாக்கிவிடுகிறார். ஆடியவர் ஹாஸ்டலுக்குத் திரும்புவதற்குள் அது அவருடைய வகுப்பு வாட்ஸ்அப் குழுவுக்கு வந்து சேர்ந்துவிடும்.

இதற்குப் பெரியவர்கள் சொல்லும் யோசனை ஒன்றுதான்: "போனைத் தூக்கிப் போடு." நடக்காத காரியம். டிரயல்ஸ் தேதி வருவது வாட்ஸ்அப்பில். வெளியூர்ப் போட்டிக்கு அழைப்பு வருவது இன்ஸ்டாகிராமில். மாவட்டச் சங்கத்தின் அறிவிப்பு ஃபேஸ்புக் பக்கத்தில்தான் முதலில் போடப்படுகிறது. போனைத் தூக்கிப் போட்டவர் முதலில் இழப்பது வாய்ப்பைத்தான்.

ஆகவே இந்த அத்தியாயம் விலகச் சொல்லப் போவதில்லை. உங்களைப் பற்றி எது வெளியே போகலாம், எப்போது போகலாம், யார் வழியாகப் போகலாம் என்பதை, கேட்பவர் வாசலுக்கு வருவதற்கு முன்பே நீங்கள் முடிவு செய்துவைத்திருக்க வேண்டும். இங்கே வரும் யோசனைகள் எல்லாம் இதிலிருந்து கிளைப்பவை.

நிருபர் வீட்டுக்கு வரும்போது

பதக்கம் வாங்கிய மறுநாள் முதலில் வருவது பெரும்பாலும் மாவட்டப் பக்கத்து நிருபர். அவருக்குப் பின்னால் யூடியூப் சேனல்காரர்கள் வருவார்கள். இவர்களில் பலர் நல்ல எண்ணத்தோடு வருபவர்கள். சின்ன ஊர் வீரரை வெளியுலகம் அறியச் செய்தவர்களும் இவர்களே. ஆனால் அவர்கள் தலைக்குள் ஒரு தலைப்பு ஏற்கெனவே தயாராக இருக்கும்: "கூலித் தொழிலாளி மகள் சாதனை." கேமரா உங்கள் பதக்கத்தைவிட ஒழுகும் கூரையைத்தான் அதிக நேரம் காட்டும். அம்மாவிடம் மைக்கை நீட்டி, அவர் கண் கலங்கும்வரை அதே கேள்வியைக் கேட்பார்கள்.

இதில் நன்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். செய்தி வந்ததால் உதவி வந்தது, அரசு கவனித்தது, வேலை கிடைத்தது என்ற உதாரணங்கள் தமிழ்நாட்டில் நிறைய உண்டு. ஆனால் வறுமைக் கதைக்கு ஒரு விலையும் உண்டு. அக்காவுக்கு வரன் பார்க்கும் வீட்டில் அப்பாவின் குடிப்பழக்கம் டி.வி.யில் ஓடினால் அந்தச் சங்கடத்தைச் சுமக்கப்போவது நிருபர் அல்லர். இன்னொன்று, உங்கள் ஆட்டத்தைப் பற்றி ஒரு வரியும் இருக்காது. எத்தனை வருடம் உழைத்தீர்கள், எந்த நுட்பத்தை மாற்றினீர்கள், எந்த மாஸ்டர் விடியற்காலையில் வந்து ஓடவைத்தார் என்பதெல்லாம் குடிசைக்குப் பின்னால் மறைந்துபோகும்.

திருச்சி முடிகண்டத்தைச் சேர்ந்த கோமதி மாரிமுத்து 2019 ஏப்ரலில் தோஹாவில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 800 மீட்டரில் தங்கம் வென்றார். ஜோடி பொருந்தாத பழைய ஷூவோடு அவர் ஓடிய படம் நாடு முழுக்கப் பரவியது. ஷூ வாங்கக்கூட வழியில்லையே என்று ஊடகங்கள் உருகின. அது தனக்கு ராசியான ஷூ என்று அவரே பிறகு சொல்ல வேண்டியிருந்தது. சில வாரங்களில் ஊக்கமருந்துச் சோதனை முடிவு வந்தது, நான்காண்டுத் தடையும் தொடர்ந்தது. ஒரே ஆளை ஏப்ரலில் தூக்கிவைத்ததும் மே மாதம் இறக்கிவிட்டதும் அதே திரைகள்தான். இரண்டு முறையும் வேகம் ஒன்றாகவே இருந்தது.

எனவே பெரிய போட்டிக்குக் கிளம்பும் முன்பே வீட்டில் உட்கார்ந்து பேசிவிடுங்கள். வீட்டுக்குள் கேமரா வரலாமா, வாசலோடு நிற்கட்டுமா? அம்மா பேச விரும்புகிறாரா? எந்த விஷயம் பேசக் கூடாது? மைதானத்திலேயே பேட்டி கொடுத்துவிடுவது எனக்குப் பிடித்த வழி. பின்னணியில் ஓடுபாதை இருக்கும். கேள்வியும் தானாக ஓட்டத்தைப் பற்றித் திரும்பும்.

உதவி தேவைப்பட்டால் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. குறிப்பாகக் கேளுங்கள். நிருபர் "வீட்ல ரொம்பக் கஷ்டமாம்மா?" என்றால், "வீட்ல எல்லாரும் உழைக்கிறாங்க சார். இப்போ எனக்கு ஒரு ஜோடி ஸ்பைக் ஷூவும், அடுத்த மாசம் போட்டிக்குப் போய்வர டிக்கெட் செலவும்தான் தேவை. அதை எழுதினீங்கன்னா உதவியா இருக்கும்" என்று சொல்லிப் பாருங்கள். கஷ்டத்தைப் படிப்பவர் உச்சுக்கொட்டிவிட்டுப் பக்கத்தைத் திருப்புவார். தேவையைப் படிப்பவர்களில் ஒருவராவது கல்லூரிக்குப் போன் செய்வார். உங்கள் சொந்த எண்ணையோ ஜிபே எண்ணையோ செய்தியில் போட விடாதீர்கள். உடற்கல்வித் துறையின் எண்ணைக் கொடுங்கள். சொந்த எண் வெளியானால் உதவி செய்பவர் ஒருவர் அழைக்கும் நேரத்தில் மோசடிக்காரர் பத்துப் பேர் அழைப்பார்கள்.

எந்தச் சூழலிலும் வெளியே போகக் கூடாத ஒன்று உண்டு: மருத்துவ விவரம். புதுக்கோட்டை மாவட்டத்துச் செங்கல் சூளைத் தொழிலாளர் குடும்பத்திலிருந்து வந்த சாந்தி சவுந்தரராஜன், 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனையைக் காரணம் காட்டிப் பதக்கம் பறிக்கப்பட்டது. ரகசியமாக இருந்திருக்க வேண்டிய அந்தச் சோதனை விவகாரம் தொலைக்காட்சிகளில் ஓடியது. அந்த அவமானத்திலிருந்து மீண்டு அவர் பின்னாளில் தடகளப் பயிற்சியாளரானார்; அந்த மீட்சிக்கு அவர் கொடுத்த விலை மிக அதிகம். உங்கள் காயத்தின் ஸ்கேன் படத்தைக்கூட ஸ்டேட்டஸில் வைக்காதீர்கள். அணித் தேர்வாளரும் எதிரணியும் அதைப் பார்ப்பார்கள்.

பேட்டியில்

தமிழில் பேசுங்கள். ஆங்கிலம் சரளமாக வருமானால் தாராளமாக ஆங்கிலத்தில் பேசலாம். வராவிட்டால் திணற வேண்டாம். 2018இல் ஃபின்லாந்தில் 20 வயதுக்கு உட்பட்டோருக்கான உலகத் தடகளத்தில் 400 மீட்டர் தங்கம் வென்றவர் அசாமின் ஹிமா தாஸ். அவருடைய பேட்டியைப் பகிர்ந்த இந்தியத் தடகளச் சம்மேளனமே, ஆங்கிலம் அவ்வளவு சரளமாக இல்லை என்று ட்விட்டரில் எழுதியது. நாடே கொதித்ததும் மன்னிப்புக் கேட்டது. உங்களுக்கும் அப்படி ஒருவர் சொல்லக்கூடும். வெட்கப்பட வேண்டியது நீங்கள் இல்லை.

பெயரையும் இனிஷியலையும் எழுதிக் கொடுங்கள். கல்லூரியின் பெயர், போட்டியின் சரியான பெயர், உங்கள் நேரம் அல்லது புள்ளி, மாஸ்டர் பெயர் எல்லாம் ஒரே தாளில் இருக்கட்டும். மாவட்டப் பக்கத்தில் தவறாக அச்சான பெயரைப் பிறகு சான்றிதழோடு ஒப்பிட்டு விளக்குவது பெரிய தலைவலி.

தோற்ற ஆட்டம் முடிந்து மூச்சு வாங்கும்போதே ஒருவர் மைக்கை நீட்டி "ரெஃப்ரி சரியில்லையா புரோ?" என்பார். அவருக்கு வேண்டியது அந்த ஒரு வரிதான். "அஞ்சு நிமிஷம் கொடுங்கண்ணா, தண்ணி குடிச்சிட்டு வரேன்" என்று நகருங்கள். அந்த ஐந்து நிமிடத்தில் பாதிக் கோபம் இறங்கிவிடும். நடுவர் தீர்ப்பு, அணித் தேர்வில் அரசியல், சக வீரரின் தவறு ஆகிய மூன்றையும் மைக் முன்னால் பேசுவதில்லை என்று அணியாகவே உறுதி எடுத்துக்கொள்ளலாம். முறையீடு இருந்தால் மேலாளர் எழுத்தில் கொடுக்கட்டும். "இதைப் போடாதீங்க சார், உங்களுக்கு மட்டும் சொல்றேன்" என்ற பேச்சு அரசியல்வாதிகளுக்கு ஒருவேளை பலிக்கலாம். உங்களுக்குப் பலிக்காது.

தோற்ற இரவு

2022 செப்டம்பரில் துபாயில் ஆசியக் கோப்பை ஆட்டம். பாகிஸ்தானுக்கு எதிராக ஒரு கேட்சைத் தவறவிட்டார் அர்ஷ்தீப் சிங். வயது 23. அன்றிரவே அவருடைய விக்கிப்பீடியா பக்கத்தில் யாரோ புகுந்து அவரைப் பிரிவினைவாதத்தோடு இணைத்து மாற்றி எழுதினார்கள். ஒரு கேட்சுக்கு இந்தத் தண்டனை. அவருக்குக் கோடிக்கணக்கில் சம்பளமும், அணி நிர்வாகமும், கோலி போன்ற மூத்தவர்களின் ஆதரவும் இருந்தன. கல்லூரி அணியின் விக்கெட் கீப்பருக்கு அறைத்தோழன் இருந்தாலே அதிகம்.

அமெரிக்காவில் கல்லூரி விளையாட்டு என்பது தனி உலகம். அரங்குகள் நிரம்பும், தொலைக்காட்சி உரிமை பெரும்பணத்துக்குப் போகும். அதனால் இந்தத் தொல்லையை அவர்கள் நமக்கு முன்பே பார்த்துவிட்டார்கள், எண்ணியும் வைத்திருக்கிறார்கள். அங்கே கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ அமைப்பு 2024இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. அதற்காக 13 லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகளும் கருத்துகளும் அலசப்பட்டன. அவற்றில் 5,000க்கும் மேற்பட்டவை வசை, மிரட்டல், பாலியல் சீண்டல் என்று உறுதியாயின. அவற்றில் 12 விழுக்காடு பந்தயம் கட்டித் தோற்றவர்களின் ஆத்திரம். மகளிர் கூடைப்பந்து வீராங்கனைகளுக்கு வந்த மிரட்டல்கள், ஆண்களுக்கு வந்தவற்றைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. 13 லட்சத்தில் 5,000 என்பது கணக்கில் மிகச் சின்னப் பங்கு. ஆனால் இரவு 11 மணிக்கு உள்பெட்டியைத் திறப்பவர் கண்ணில் படுவது அந்தப் பங்குதான். நூறு பாராட்டுக்கு நடுவே இருக்கும் ஒரு வசவைத்தான் மனம் பிடித்துக்கொள்ளும்.

என் யோசனை: தோற்ற ஆட்டத்துக்குப் பின் மறுநாள் காலை உணவுவரை போன் உங்கள் கையில் இருக்கக் கூடாது. வீட்டுக்கு ஒரு அழைப்பு, "நல்லா இருக்கேம்மா" என்று ஒரு வார்த்தை, பிறகு போனை அறைத்தோழனிடம் கொடுத்துவிடுங்கள். கோச்சிடம் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அது தண்டனை மாதிரி ஆகிவிடும், மறைத்துவைக்கும் பழக்கமும் வந்துவிடும். அணியில் இருவர் இருவராகச் சேர்ந்து, ஒருவர் போனை மற்றவர் வைத்துக்கொள்வது நடைமுறையில் எளிது.

மறுநாள் திறக்கும்போதும் முதலில் கருத்துகளைப் படிக்காதீர்கள். ஆட்டத்தின் முழு வீடியோ கிடைத்தால் அதை மாஸ்டரோடு பாருங்கள். உங்கள் தவறு என்ன என்பதை அது சொல்லும், வசவில்லாமல் சொல்லும்.

அடுத்து ஒரு சின்ன வேலை. இன்ஸ்டாகிராம் அமைப்புகளில், குறிப்பிட்ட சொற்கள் உள்ள கருத்துகளையும் செய்திகளையும் மறைக்கும் வசதி இருக்கிறது. ஆனால் தமிழ் வசவுகளை அது தானாகப் பிடித்துவிடும் என்று நம்பாதீர்கள். நீங்கள்தான் பட்டியல் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு வசவையும் தமிழ் எழுத்தில் ஒரு முறை, ஆங்கில எழுத்தில் எப்படியெல்லாம் எழுதுவார்களோ அப்படி இரண்டு மூன்று முறை. சாதிப் பெயர்களையும், உங்கள் உடம்பையோ நிறத்தையோ குறித்து வழக்கமாக வரும் கேலிச் சொற்களையும் சேருங்கள். இந்தப் பட்டியலை நீங்கள் தனியாகத் தட்டச்சு செய்ய வேண்டாம்; நண்பர்கள் கூடி எழுதினால் சிரிப்பும் களேபரமுமாக அரைமணி நேரத்தில் முடிந்துவிடும். வசவுகளைத் திரும்பத் திரும்ப நீங்கள் மட்டும் உட்கார்ந்து அடிப்பது நல்லதில்லை.

பதில் எழுதும் ஆசை வரும். எழுதாதீர்கள். மிரட்டல் என்றால் மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, கணக்கின் பெயரும் தேதியும் தெரியும்படி சேமித்து, பிறகு முடக்குங்கள். முடக்கிவிட்டுச் சான்று தேடினால் கிடைக்காமல் போகலாம்.

ஆட்டத்துக்கு முன்

பிரேசிலில் ஆண் கால்பந்து வீரர்களை வைத்து நடத்தப்பட்டு 2019இல் வெளியான ஓர் ஆய்வு சுவாரசியமானது. ஆட்டத்துக்கு முன் 15 நிமிடம் போனில் செயலிகளைப் பார்த்தவர்களிடம் பெரிய மாற்றம் இல்லை. 30 நிமிடமும் 45 நிமிடமும் பார்த்தவர்கள், பந்தை யாருக்குத் தட்டிவிடுவது என்று முடிவெடுப்பதில் தடுமாறினார்கள். கால் சோர்வதற்கு முன்பே தலை சோர்ந்துவிடுகிறது. வார்ம்-அப் தொடங்கும் முன் போன் பைக்குள் போய்விட வேண்டும் என்ற விதிக்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டாம். பாட்டுக் கேட்பவர்கள் முந்தின இரவே தரவிறக்கி, இணையத்தை அணைத்துவிட்டுக் கேளுங்கள்.



வீராங்கனைகளுக்கு

ஓட்டக்காரர்களும் கைப்பந்து ஆடுபவர்களும் அணியும் உடை, வேகமாக அசைவதற்காக வடிவமைத்த உடை. அதைப் படம்பிடித்து, வேகத்தைக் குறைத்து, ஒரு பகுதியை மட்டும் பெரிதாக்கிப் போடுவதற்கென்றே பக்கங்கள் இருக்கின்றன. 2021இல் பாசெல் நகரில் நடந்த ஐரோப்பியப் போட்டியில் ஜெர்மனியின் ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனைகள் கணுக்கால்வரை மூடிய உடையில் இறங்கினார்கள். தங்களைக் காட்சிப்பொருளாக்குவதை எதிர்க்கவே அப்படி என்றார்கள். எல்லோரும் அப்படி உடுத்த வேண்டும் என்பது அதற்கு அர்த்தம் இல்லை. எதை அணிவது என்பதை ஆடுபவர் முடிவு செய்யட்டும், கேமராக்காரர் முடிவு செய்ய வேண்டாம் என்பதே விஷயம்.

இங்கே கல்லூரிகள் செய்யக்கூடியது ஒன்று உண்டு, செலவில்லாதது. மகளிர் போட்டிக்கு நேரலை செய்ய யாருக்கு அனுமதி என்பதை ஏற்பாட்டாளர்கள் எழுத்தில் கொடுக்கட்டும். கேமரா எந்தக் கோணத்தில் நிற்கும் என்பதை மாணவி ஒருவரையும் சேர்த்துக்கொண்டு முடிவு செய்யட்டும். கருத்துப் பெட்டியை மூடிவைத்து நேரலை ஓட்டலாம். ஆட்டத்தை ரசிக்க வருபவருக்கு அதனால் எந்த இழப்பும் இல்லை.

படத்தை மார்ஃபிங் செய்தாலோ, செயற்கை நுண்ணறிவால் ஆபாசமாக மாற்றினாலோ, அது உங்கள் குற்றம் இல்லை. இதை நாம் சொன்னால் மட்டும் போதாது, அப்பா அம்மாவுக்கும் புரியவைக்க வேண்டும். ஏனென்றால் பெரும்பாலான வீடுகளில் வரும் முதல் தீர்ப்பு "இனி விளையாடப் போக வேண்டாம்" என்பதாகவே இருக்கிறது. உடற்கல்வி இயக்குநரோ ஒரு பெண் ஆசிரியரோ வீட்டுக்குப் போய்ப் பேசினால் பல சமயம் ஆட்டம் காப்பாற்றப்படும். மத்திய அரசின் சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் பெண்களுக்கு எதிரான குற்றங்களைப் பெயர் சொல்லாமலும் பதிவு செய்யலாம். பெண்கள் உதவி எண் 181.

வெற்றிக்குப் பிறகு வரும் இன்னொரு அசிங்கத்தையும் சொல்லிவிட வேண்டும். 2016 ரியோ ஒலிம்பிக்கில் பி.வி. சிந்து வெள்ளி வென்றபோதும், 2018இல் ஹிமா தாஸ் தங்கம் வென்றபோதும், கூகுளில் ஏராளமானோர் தேடியது அவர்களுடைய சாதியை. உங்களிடமும் யாராவது நாசூக்காகக் கேட்பார்கள், "நீங்க எந்த ஊர்ல எந்தத் தெரு?" என்று. "காலேஜ் டீம்" என்று பதில் சொல்லுங்கள்.

பழைய பதிவும் சாதிப் பாட்டும்

ஆலி ராபின்சன் 2021 ஜூனில் லார்ட்ஸில் இங்கிலாந்துக்காக முதல் டெஸ்ட் ஆடினார். அதே நாளில், பதின்ம வயதில் அவர் எழுதிய இனவெறி, பெண்வெறுப்பு ட்வீட்டுகளை யாரோ தோண்டி வெளியே போட்டார்கள். எட்டு ஒன்பது வருடப் பழைய பதிவுகள். முதல் டெஸ்ட் முடிந்ததும் இடைநீக்கம். இங்கே டெஸ்ட் ஆடும் அளவுக்குப் போக வேண்டியதில்லை; மாநில அணிக்குத் தேர்வானாலே தோண்டுபவர்கள் வந்துவிடுவார்கள். அவர்களில் சிலர் உங்களோடு தேர்வுக்கு வந்து இடம் கிடைக்காதவர்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பள்ளிக்காலம்வரை பின்னோக்கிப் போய்ப் பாருங்கள். எதிரணி நடிகரின் ரசிகர்களைத் திட்டியது, தோழியின் நிறத்தைக் கிண்டல் செய்தது, யாரோ அனுப்பிய மதக் கேலியைப் பகிர்ந்தது, எல்லாவற்றையும் நீக்குங்கள். ஒருவரைக் காயப்படுத்தியது நினைவிருந்தால் அவரிடம் ஒரு வார்த்தை பேசிவிடுவது, நீக்குவதைவிட மேல்.

நம் ஊருக்கே உரிய ஆபத்து சாதிப் பெருமைப் பாட்டு. ஜெயித்த வீடியோவுக்குப் பின்னணியாக அதைப் போடுவது சிலருக்கு வெறும் குஷி. ஆடியவருக்கே தெரியாமல் ரசிகர் பக்கம் ஒன்று அதைப் போட்டுவிடுவதும் உண்டு. தென் மாவட்டங்களில் அரிவாளோடும் சாதிப் பாட்டோடும் ரீல் போட்ட இளைஞர்கள் மீது போலீஸ் வழக்குப் பதிந்திருக்கிறது. தமிழ்நாட்டு அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு இடஒதுக்கீடு இருக்கிறது. ரயில்வேயிலும் காவல்துறையிலும் தனி வாய்ப்பு இருக்கிறது. அந்த வேலைக்குப் போகும்போது காவல்துறை சரிபார்ப்பு நடக்கும். பதினைந்து விநாடிப் பாட்டுக்காக வேலையை அடகு வைக்காதீர்கள். அதைவிட முக்கியம், உங்கள் அணியில் உங்கள் பக்கத்தில் நின்று கை கோத்துக் கேட்ச் பிடிப்பவன் அந்தப் பாட்டைக் கேட்கும்போது என்ன நினைப்பான் என்பது. செயின் பிடிக்கும் கை தளர்ந்தால் ரைடர் தப்பிவிடுவான். உங்கள் பெயரில் ரசிகர் பக்கம் நடத்துபவரையும் கூப்பிட்டு இதைச் சொல்லிவிடுங்கள்.

தெரியாத எண்

2019இல் தமிழ்நாடு பிரீமியர் லீக் சர்ச்சையில் சிக்கியது. தெரியாத ஆட்களிடமிருந்து வாட்ஸ்அப் செய்தி வந்ததாகச் சில வீரர்கள் தெரிவிக்க, கிரிக்கெட் வாரியத்தின் ஊழல் தடுப்புப் பிரிவு விசாரணையில் இறங்கியது. அந்த வீரர்கள் செய்தது சரி. சூதாட்டக்காரர்கள் முதலில் பணம் பேச மாட்டார்கள். "பெரிய ஃபேன் அண்ணா" என்பார்கள், ஷூ அனுப்புவார்கள், ஒரு மாதம் கழித்து "நாளைக்கு யார் ஓப்பனிங்?" என்று சாதாரணமாகக் கேட்பார்கள். அந்தக் கேள்விதான் வாசல். அணி விவரம், காயம், ஆடுகளத்தின் நிலை எதையும் வெளியாட்களிடம் சொல்லாதீர்கள். இப்படி ஒருவர் அணுகியதை மறைப்பதும் கிரிக்கெட்டில் குற்றமே. அன்றே மேலாளரிடம் சொல்லிவிடுங்கள்.

பேசிப் பழகும் முகம் நிஜ முகம்தானா என்பதும் சந்தேகத்துக்குரியது. நாட்டர்டேம் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து நட்சத்திரம் மான்டி டேயோவின் காதலி 2012இல் புற்றுநோயில் இறந்ததாகப் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. 2013 ஜனவரியில் ஓர் இணைய இதழ் விசாரித்தபோது, அப்படி ஒரு பெண்ணே இல்லை என்று தெரியவந்தது. வேறொருவர் போலிக் கணக்கிலிருந்தும் போனிலிருந்தும் நடத்திய நாடகம். ஏமாந்தவர் டேயோ, ஆனால் ஊர் சிரித்தது அவரைப் பார்த்து. உருகி உருகி எழுதிய எந்தப் பெரிய இதழும் ஒரு மரணச் செய்தியைக்கூடச் சரிபார்க்கவில்லை. வீடியோ அழைப்பில் வர மறுப்பவரிடம் மனதையும் படத்தையும் கொடுக்காதீர்கள்.

கணக்குக்கு இரட்டைப் பூட்டுப் போடுங்கள். கடவுச்சொல்லோடு போனுக்கு வரும் எண்ணும் கேட்கும்படி மாற்றிவிடுங்கள். 2016இல் லாரமி டன்சில் என்ற கல்லூரி வீரர் தொழில்முறை அமெரிக்கக் கால்பந்துக்குத் தேர்வாகும் இரவில், சில நிமிடங்களுக்கு முன், அவருடைய ட்விட்டர் கணக்குக்குள் யாரோ புகுந்து, அவர் போதைப்பொருள் புகைக்கும் பழைய வீடியோவை ஏற்றினார்கள். முதல் சிலரில் ஒருவராகத் தேர்வாவார் என்று எதிர்பார்க்கப்பட்டவர் 13ஆவது இடத்துக்கு இறங்கினார். அந்த இறக்கத்தில் அவர் இழந்தது பெரும்பணம்.

விளம்பரமும் பவுடரும்

அமெரிக்கக் கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்க 2021 ஜூலையில்தான் அனுமதி கிடைத்தது. நம் ஊரில் பெரிய தொகை எதுவும் இல்லை: ஜெர்சி கடை, ஜிம் திறப்பு விழா, புரோட்டீன் பவுடர். முதல் இரண்டையும் கல்லூரியிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். பணமோ பொருளோ வாங்கிப் போடும் பதிவில் அது விளம்பரம் என்று தெளிவாக எழுதுங்கள், விதி அப்படித்தான். பவுடரைத் தொடாதீர்கள். உங்கள் ரத்தத்திலோ சிறுநீரிலோ தடைசெய்த பொருள் இருந்தால், அது டப்பாவில் எழுதப்படாமல் கலந்திருந்தது என்பது காப்பாற்றாது, பொறுப்பு உங்களுடையது. பவுடருக்கு ரீல் போடச் சொன்ன ஜிம் அண்ணன் விசாரணைக்கு வர மாட்டார்.

பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை விளம்பரம் செய்வது 2025இல் வந்த மத்தியச் சட்டப்படி சிறைத்தண்டனைக்குரிய குற்றம். யாராவது "ஒரு ஸ்டோரி மட்டும் போடு தம்பி" என்றால் மறுத்துவிடுங்கள்.

உங்களுக்காக உழைக்கும் வீடியோ

இதுவரை எச்சரிக்கையாகவே போயிற்று. போன் மூலம் ஆகும் நல்லதும் பெரிது. 2021 மார்ச்சில் அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்துப் போட்டியின்போது ஓரிகன் பல்கலைக்கழக வீராங்கனை செடோனா பிரின்ஸ் ஒரு சின்ன வீடியோ போட்டார். ஆண்களுக்கு ஒரு மண்டபம் நிறைய எடைப்பயிற்சிக் கருவிகள். பெண்களுக்கு ஓர் அடுக்கு டம்பெல். இடமில்லை என்று சொன்ன நிர்வாகத்துக்கு, காலியாகக் கிடந்த இடத்தையும் அதே வீடியோவில் காட்டினார். நிர்வாகம் உடனே கருவிகளைக் கொண்டுவந்து இறக்கியது. வெளியாரை வைத்து விசாரணையும் நடத்தியது. அவர் யாரையும் திட்டவில்லை, காட்டினார். அதனால்தான் பலித்தது.

உங்கள் விடுதியில் குடிநீர் சரியில்லை என்றால் முதலில் எழுதிக் கொடுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள், அவகாசம் கொடுங்கள். அதற்குப் பிறகும் அசையவில்லை என்றால், அணியாகச் சேர்ந்து வெளியே சொல்லுங்கள். ஒருவர் மட்டும் சொன்னால் அவர் மட்டும் பலியாவார்.

டிரயல்ஸுக்கு அனுப்பும் வீடியோவைப் பற்றியும் ஒரு வார்த்தை. மாஸ் பின்னணி இசை, மெதுவாக நடந்து வரும் காட்சி, தீப்பொறி எழுத்து எதுவும் வேண்டாம். தேர்வாளர் பார்ப்பது இரண்டு நிமிடம். தொடக்கத்தில் பெயர், ஆடும் இடம், உயரம், ஜெர்சி எண், போட்டியின் பெயரும் ஆண்டும். பிறகு நேராக ஆட்டம். ரைடர் என்றால் புள்ளி எடுத்தவற்றோடு, புள்ளி கிடைக்காமல் பத்திரமாகத் திரும்பிய ரைடுகளும் இருக்கட்டும்; பொறுமை அதில்தான் தெரியும். முழு ஆட்டத்தின் இணைப்பையும் கீழே கொடுங்கள். வெட்டி ஒட்டியதை மட்டும் பார்த்து அனுபவமுள்ள எவரும் ஆளை எடுக்க மாட்டார்.

உடற்கல்வி இயக்குநர்களுக்கு

போட்டிப் பருவம் தொடங்கும் முன் ஒரு மாலையை இதற்கு ஒதுக்குங்கள். மூத்த வீரர் ஒருவர் நிருபராக நடிக்கட்டும், புதியவர்கள் பதில் சொல்லட்டும், யாராவது படம்பிடிக்கட்டும். அணியின் அதிகாரப்பூர்வப் பக்கத்தை ஒரு மாணவரிடமும் ஓர் ஆசிரியரிடமும் சேர்த்துக் கொடுங்கள். ஜெயித்த படத்தைப் போடுவதுபோல் தோற்ற ஆட்டத்தின் படத்தையும் அதில் போடுங்கள். கல்லூரி தங்களைக் கைவிடவில்லை என்பதை அணி அதில் பார்க்கும்.

சத்தமாக இருந்த பையன் திடீரென்று குழுவிலிருந்து வெளியேறினால், ஸ்டேட்டஸில் விரக்தி வசனங்கள் தொடர்ந்தால், காயம்பட்டு ஓய்விலிருப்பவர் இரவெல்லாம் ஆன்லைனில் தெரிந்தால், பயிற்சி நேரம்வரை காத்திருக்காமல் நேரில் போய்ப் பாருங்கள். உங்களிடம் பேசத் தயங்குபவர்களுக்காக டெலி-மானஸ் உதவி எண் 14416. கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். இந்த எண்ணை விளையாட்டு அறைச் சுவரில், அட்டவணைக்குப் பக்கத்தில், பெரிதாக எழுதி வையுங்கள்.